பாட்டியின் கல்யாணம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

கீரனூரைச் சுற்றியுள்ள சேரிகளில் ஒரு குடும்பத்தின் வம்சவழியை எழுத உட்கார்ந்தால், மூன்றாவது தலைமுறையில் பேனா நின்றுவிடும். அப்பா, அம்மா பெயர் தெரியும். தாத்தா, பாட்டி பெயர் தெரியும். பாட்டியின் அப்பா யார், எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், கல்யாணம் எந்த வருஷம் என்று கேட்டால், "பெரிய பஞ்சத்துக்கு அடுத்த வருஷம்", "ராசா சீமைக்குப் போன பிறகு" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலில் தவறு ஏதும் இல்லை. காகிதம் கிடைக்காத மக்கள் காலத்தை அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அலுவலகங்களுக்குத்தான் அந்தக் கணக்கு புரியாது.

சமூகப் பணியில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் பல வழிகளில் வருகிறது. சாதிச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் பழைய ஆவணம் கேட்கிறார்கள் என்று ஒருவர் வருவார். இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய குடும்பத்தின் பேரன் தன் பூர்வீக ஊரைத் தேடி வருவார். மலேசியாவிலோ தென்னாப்பிரிக்காவிலோ உள்ள ஒருவர் கப்பல் பட்டியலில் கிடைத்த ஊர்ப் பெயரை அனுப்பி, "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்பார். எல்லோருக்கும் வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான். நூறு, நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பு இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பதற்கு ஒரு எழுத்து.

நம் மக்களின் கல்யாணத்தை அந்தக் காலத்தில் யாருமே எழுதவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மை. பாதிரியார் எழுதினார். கப்பல் ஏஜெண்ட் எழுதினார். தோட்டத்துக் கணக்குப்பிள்ளை எழுதினார். கடன் கொடுத்த பண்ணையாரும் எழுதினார். யாருக்கு நம்மால் காரியம் ஆகவேண்டியிருந்ததோ அவர்கள் எழுதினார்கள். ஆகவே தேடுகிறவர், "அரசு எங்கே பதிந்திருக்கிறது?" என்று கேட்பதைவிட, "அப்போது என் முப்பாட்டியின் கல்யாணத்தை எழுதிவைக்க வேண்டிய தேவை யாருக்கு இருந்தது?" என்று கேட்டால் வழி திறக்கும்.

ராஜாவின் கல்யாணம்

1948 மார்ச் 3 வரை கீரனூர் பிரிட்டிஷ் இந்தியாவில் இல்லை. அது புதுக்கோட்டை சமஸ்தானத்தின் குளத்தூர் தாலுகா. அதன் பிறகு திருச்சி மாவட்டம். 1974 ஜனவரியில்தான் புதுக்கோட்டை மாவட்டம். ஒரே ஊர், மூன்று நிர்வாகம். சென்னை மாகாணத்தின் பதிவேடுகளில் கீரனூரைத் தேடிக் களைத்துப்போனவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய விஷயம் இது.

அந்தச் சமஸ்தானத்தில் ஒரு கல்யாணத்துக்கு மட்டும் கட்டுக்கட்டாகக் காகிதம் இருக்கிறது. ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915 ஆகஸ்ட் 10 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், பதிவாளர் அலுவலகத்தில், மோலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்தார். பிரிட்டிஷ் அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை. அவர்களுக்குப் பிறந்த மகனுக்கு அரியணையும் கிடைக்கவில்லை. இதைப் பற்றி மெல்போர்னுக்கும் சென்னைக்கும் டெல்லிக்கும் லண்டனுக்கும் இடையே எழுதப்பட்டவை ஏராளம். பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஒரு புத்தகமே வந்தது. யார் யாரை மணக்கலாம் என்பதும், அந்தக் கல்யாணத்தை ஏற்பதா மறுப்பதா என்பதும் சொத்தும் பட்டமும் இருக்கும் இடத்தில் அரசாங்கத்தின் கவலை ஆகிவிடுகிறது.

அதே 1915இல் குளத்தூர் தாலுகாவின் சேரிகளிலும் கல்யாணங்கள் நடந்தன. பரிசம் போட்டார்கள், பந்தல் கட்டினார்கள், பறை அடித்தார்கள், தாலி கட்டினார்கள். பிரிக்க நிலம் இல்லை, எழுதிக்கொடுக்கச் சொத்து இல்லை. ஆகவே எந்த அலுவலகத்துக்கும் அந்தக் கல்யாணங்களால் காரியம் இல்லை. சொத்துள்ள குடும்பங்களில் மணமகளுக்கு எழுதிக்கொடுத்த சீதனம், ஜீவனாம்ச வழக்கு, பாகப்பிரிவினைப் பத்திரம் என்று கல்யாணம் பல வடிவத்தில் காகிதத்தில் ஏறும். நிலம் மறுக்கப்பட்டவர்களுக்கு அந்த வழியும் சேர்த்தே மறுக்கப்பட்டது.

சட்டம் யாரை எழுதச் சொன்னது?

பிரிட்டிஷ் இந்தியாவிலும் பெரும்பான்மையான கல்யாணங்கள் அரசுப் பதிவுக்கு வெளியேதான் நடந்தன. 1872இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். மற்றொன்று சிறப்புத் திருமணச் சட்டம். இரண்டாவதன்படி மணக்க விரும்பியவர்கள், தாங்கள் இந்துவோ கிறிஸ்தவரோ முஸ்லிமோ அல்ல என்று உறுதிமொழி தரவேண்டியிருந்தது. 1886இல் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுச் சட்டம் வந்தது. அதுவும் எல்லோருடைய கல்யாணத்தையும் கட்டாயம் பதியச் சொல்லவில்லை. இந்துக்கள் என்று கணக்கெடுக்கப்பட்டவர்களின் கல்யாணங்கள் வழக்கப்படி நடந்தால் போதும் என்று விடப்பட்டன. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்திலும் பதிவு விருப்பத்துக்கு உரியதாகவே இருந்தது. தமிழ்நாட்டில் எல்லா மதத்தவரும் திருமணத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் 2009இல்தான் வந்தது.

"வேறு வழி இருந்ததா?" என்று கேட்கலாம். இருந்தது. காரைக்காலும் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. 1880களில் பிரெஞ்சு அரசு உள்ளூர் மக்களின் பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, விரும்பியவர்கள் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்தின் கீழ் வரலாம். அப்படித் துறந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரையும் வைத்துக்கொண்டார்கள். இதைப் பயன்படுத்தியவர்களில் தலித்துகளும் கிறிஸ்தவர்களும் அதிகம். இன்றும் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் குடியுரிமை விண்ணப்பத்துக்காகக் கொள்ளுப்பாட்டனின் திருமணப் பதிவைத் தேடி எடுக்கிறார்கள். பிரெஞ்சு ஆட்சியும் காலனிய ஆட்சிதான், அதைப் புகழ வேண்டியதில்லை. ஆனால் எல்லோரையும் எழுதுவது என்று ஓர் அரசு முடிவு செய்தால் சேரிக் குடும்பத்தின் கல்யாணமும் ஏட்டில் ஏறும் என்பதற்கு அது சாட்சி. மற்ற இடங்களில் ஏறாமல் போனதற்கு, எழுத வேண்டாம் என்று எடுத்த முடிவுதான் காரணம்.

கடன் சீட்டில் ஒரு கல்யாணம்

காவிரிப் பகுதியிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் பண்ணையாள் முறையில் இருந்தவர்கள் வாங்கிய கடனில் கல்யாணக் கடன் முக்கியமானது. மகனுக்கு மணம் முடிக்க ஆண்டையிடம் நெல்லும் பணமும் வாங்குவார்கள். அதற்கு ஈடாக அந்தப் பையன் பண்ணையில் சேர்வான். அவன் பெண்டாட்டியும் அதே பண்ணையில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வருவாள். கடன் சீட்டில் அவன் பெயரும் அவன் அப்பன் பெயரும் இருக்கும், "கல்யாணச் செலவுக்காக" என்று இருக்கும், தேதி இருக்கும், கீழே கைநாட்டு இருக்கும். பெண்ணின் பெயர் இருக்காது.

யோசித்துப் பாருங்கள். பல குடும்பங்களுக்குக் கல்யாணத்தின் முதல் எழுத்துச் சான்று அடிமைச் சீட்டாகவே இருந்திருக்கிறது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமை முறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியது. அதற்குப் பிறகு ஆளை விற்கும் ஓலையின் இடத்தில் கடன் சீட்டு வந்து உட்கார்ந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆயிற்று. இந்தச் சீட்டுகள் பொது ஆவணக்காப்பகத்தில் கிடைப்பது அரிது. அவை பண்ணை வீட்டுப் பெட்டிகளில் இருந்தன, கடன் தீர்ந்தபோது கிழிக்கப்பட்டன. கிழிபட்டது குடும்பத்துக்கு விடுதலை. வரலாற்றைத் தேடுகிறவருக்கு அது இழப்பு. இரண்டும் ஒரே காகிதம்தான்.

கோயில் ஏட்டின் சிறு குறிப்புகள்

நம் பக்கத்துத் தலித் குடும்பங்களில் முன்னோர் கிறிஸ்தவத்தைத் தழுவியிருந்தால், தேட வேண்டிய முதல் இடம் பங்குக் கோயிலின் திருமணப் பதிவேடு. குளத்தூர் தாலுகாவின் ஆவூரில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சேசு சபையினர் தளம் அமைத்துவிட்டார்கள். 1773இல் சேசு சபை கலைக்கப்பட்டது. 1838இல் பிரெஞ்சு சேசு சபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தார்கள். இடையில் கோவா குருக்களின் காலம். அதன் பிறகும் இரு தரப்புக்கும் கோயில்கள் மீதான உரிமைச் சண்டை நெடுநாள் நடந்தது. ஆகவே ஒரு பங்கில் ஏடு இல்லை என்றால் அடுத்த பங்கிலும் மறைமாவட்ட அலுவலகத்திலும் கேட்க வேண்டும். மதுரை மிஷனின் பழைய கடிதங்களையும் அறிக்கைகளையும் கொடைக்கானல் அருகே செண்பகனூரில் சேசு சபையினர் சேர்த்து வைத்தார்கள்.

1872ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் சமஸ்தானங்களில் பிரிட்டிஷ் பிரஜைகளான கிறிஸ்தவர்களைப் பற்றி மட்டுமே பேசியது. ராஜாவின் குடிகளைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே பழைய புதுக்கோட்டைப் பகுதியில் தேடுகிறவருக்குக் கோயில் ஏட்டைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது.

கத்தோலிக்கத் திருச்சபை 1563இல் திரெந்து பொதுச்சங்கத்தில் எடுத்த முடிவின்படி, மணமக்கள் பெயர், சாட்சிகள் பெயர், நாள், இடம் ஆகியவற்றைப் பங்குக் குரு ஏட்டில் எழுத வேண்டும். பெயர்கள் லத்தீன் உருவில் இருக்கும். சவரிமுத்து சவேரியுஸ் ஆகியிருப்பார். ஊர்ப் பெயரைப் பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். பொறுமையாகப் படித்தால் இரண்டு இடங்களில் புதையல் உண்டு.

முதலாவது, உறவுமுறை விலக்கு. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணப்பதற்குத் திருச்சபைச் சட்டத்தில் தடை உண்டு. நம் வழக்கத்தில் அதுதான் முதல் உரிமை. ஆகவே குரு தனி அனுமதி வாங்கி, இன்ன தலைமுறை உறவுக்கு விலக்கு அளிக்கப்பட்டது என்று ஏட்டில் குறிப்பார். அந்த ஒரு வரியிலிருந்து மணமக்களுக்குப் பொதுவான தாத்தாவோ பாட்டியோ உண்டு என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு கல்யாணப் பதிவு மூன்று தலைமுறையைத் திறந்துவிடும்.

இரண்டாவது, ஞானஸ்நான ஏட்டின் ஓரக்குறிப்பு. 1908க்குப் பிறகு ஒருவருக்குத் திருமணம் நடந்தால், அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குத் தகவல் அனுப்பி, அங்குள்ள ஏட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுத வேண்டும் என்ற விதி வந்தது. பெண் பிறந்த ஊர் தெரிந்து கட்டிக்கொடுத்த ஊர் தெரியாவிட்டால், பிறந்த ஊர் ஏட்டின் ஓரத்தைப் பாருங்கள். பெண்வழி முன்னோரைத் தேடுவதற்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை.

புராட்டஸ்டண்டு சபைகளின் நிலை வேறு. 1872 சட்டத்தின் படிவத்தில் பெயர், வயது, முன்பு மணமானவரா, தொழில், வசிப்பிடம், தந்தை பெயர் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. தாய் பெயருக்கு இல்லை. மாகாணத் திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் பெயர்களே நிறைந்திருக்கும். "மெட்ராஸ் திருமணப் பதிவு" என்று இணையத்தில் தேடுகிறவருக்குச் சிப்பாய்களும் துரைகளும் வரிசையாக வந்து நிற்பது இதனால்தான். அதைப் பார்த்து, நமக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கோயில் ஏடுகள் சாதியைத் தாண்டியவை அல்ல. மதுரை மிஷனில் உயர்சாதியினருக்கு ஒரு வகைக் குருக்கள், ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் பழக 1640 முதல் பண்டார சுவாமிகள் என்று குருக்களே பிரிந்திருந்தார்கள். தரங்கம்பாடியில் 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் உட்காரும் இடம் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டது, அந்த மிஷனின் ஏடுகள் பறையரையும் சூத்திரரையும் பிரித்தே எழுதின. 1833இல் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சை, திருச்சிப் பகுதிகளில் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரிக்கும் சுவரைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம் பக்கத்தில் குறைவு. ஒரே வேதம், ஒரே ஞானஸ்நானம். ஆனால் கல்யாணம் சாதிக்குள், கல்லறை சுவருக்கு அந்தப் பக்கம். இதை மறக்க வேண்டாம், சற்று நேரத்தில் தேவைப்படும்.

கப்பல் சீட்டும் தோட்டமும்

கடலைத் தாண்டியவர்களின் கல்யாணத்தை எழுதக் காலனிய அரசுக்குக் காரணம் இருந்தது. ஒப்பந்தக் கூலியாகப் போனவரின் குடியேற்றச் சீட்டில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை எழுதினார்கள். மணமானவர் என்றால் துணையின் பெயரையும் எழுதினார்கள். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் 1,52,184 பேர் போனார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். மொரீசியஸின் குடியேற்ற ஆவணங்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. உள்ளூரில் ஒரு வரிகூட எழுதப்படாத பறையர், பள்ளர் குடும்பங்களின் விவரம் ஆப்பிரிக்கக் கரையில் பத்திரமாக இருக்கிறது என்பது கசப்பான உண்மை.

அதையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் பெண்கள் இல்லாமல் கப்பல் புறப்பட முடியாது என்ற விதி இருந்தது. டிப்போவில் காத்திருந்த நாட்களில் அறிமுகமானவர்கள் புருஷன் பெண்டாட்டி என்று எழுதிக்கொண்டார்கள். "டிப்போ கல்யாணம்" என்று அதற்குப் பெயர். சிலர் சாதியை மாற்றிச் சொன்னார்கள், சாதி மாறி மணந்தார்கள். ஊரில் கொன்றுபோட்டிருப்பார்கள். கப்பலில் அது சாத்தியமாயிற்று. சீட்டில் உள்ள சாதிப் பெயர் உங்கள் வீட்டுக் கதையோடு பொருந்தவில்லை என்றால், பொய் என்று ஒதுக்காதீர்கள். அது அந்தப் பாட்டி எடுத்த முடிவாக இருக்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் 1913 மார்ச் 14 அன்று நீதிபதி சியர்ல் தந்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத இந்தியக் கல்யாணங்களை ஏற்க மறுத்தது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்று ஆனார்கள். அதை எதிர்த்துப் பெண்கள் சிறை சென்றார்கள். சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நமக்குத் தெரியும். அவர் எதற்காகச் சிறை சென்றார் என்று கேட்டால், கல்யாணப் பதிவு என்பது அதற்கான விடையில் ஒரு பகுதி. 1914இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் அந்தக் கல்யாணங்களை ஏற்க வழி செய்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானது இலங்கை. புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். 1904இல் தோட்ட முதலாளிகளின் தொழிலாளர் ஆணையம் திருச்சியிலேயே தலைமை அலுவலகம் வைத்தது. போனவர்களில் பெரும் பகுதி நம் மக்கள். தோட்டத்தில் செக்ரோலில் பெயர் இருந்தது, கங்காணியின் துண்டில் கடன் இருந்தது, கல்யாணம் லயத்துக்குள் வழக்கப்படி நடந்தது. பல கல்யாணங்கள் பதிவாகவில்லை.

1948இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அங்கேயே பிறந்தவரிடமும் தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ச்சியாக வாழ்ந்திருக்க வேண்டும் என்றது. மணமானவருக்கு 7 வருஷம், மணமாகாதவருக்கு 10 வருஷம். கல்யாணத்தைக் காகிதத்தில் காட்ட முடியுமா என்பதில் மூன்று வருஷக் கணக்கு தொங்கியது. சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பம் போனது, ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான் குடியுரிமை கிடைத்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். அப்படித் திரும்பிய குடும்பங்கள் கையோடு கொண்டுவந்த குடும்ப அட்டை, கணவன், மனைவி, பிள்ளைகள் என்று அரசு எழுதிக்கொடுத்த காகிதம். வீட்டில் இருந்தால் அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

அதே ஏடு எதிராக நிற்கும்போது

இவ்வளவும் தேடிக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளுப்பாட்டியின் கல்யாணம் 1890களில் ஒரு கோயில் ஏட்டில் இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் பல குடும்பங்கள் பயப்படுகின்றன. அந்தப் பயம் நியாயமானது.

1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். இட ஒதுக்கீட்டோடு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடுகிறது.

2024 நவம்பர் 26 அன்று, அரசமைப்பு நாளில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் சாதிச் சான்றிதழ் வழக்கில் உச்சநீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர் பெற்ற ஞானஸ்நானமும், அவருடைய பெற்றோரின் திருமணம் 1872ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் கீழ் வந்ததும் அந்த வழக்கில் எடை போடப்பட்டன. காலனியச் சட்டத்தின் கீழ் எழுதிய கல்யாணம் மகளின் வேலைவாய்ப்பைத் தீர்மானித்தது. தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் ஏ. ராஜாவின் வழக்கும் இப்படியே. தமிழ்நாட்டிலிருந்து மூணாறு தோட்டத்துக்குப் போன குடும்பம் அவருடையது. சபைப் பதிவேடுகளும் கல்யாணப் புகைப்படங்களும் ஆதாரமாக வந்தன. 2023 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் அவருடைய வெற்றியை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, அவர் வெற்றி செல்லும் என்றது.

இன்னொரு பக்கம், 2015இல் கே.பி. மனு வழக்கில் உச்சநீதிமன்றம் வேறு ஒன்றைச் சொன்னது. தாய் மதத்துக்குத் திரும்புகிறவர், முந்தைய தலைமுறை எந்தச் சாதியில் இருந்தது என்பதற்குத் தெளிவான ஆதாரம் காட்ட வேண்டும். அந்த ஆதாரம் எங்கே கிடைக்கும்? பல குடும்பங்களுக்கு அதே கோயில் ஏட்டில்தான்.

நான் சொல்ல வருவது இதுதான். கோயில் ஏடு ஒரு விஷயத்தை மட்டும் எழுதவில்லை. கிறிஸ்தவர் என்று எழுதியது. பல இடங்களில் பக்கத்திலேயே பறையர், பள்ளர், சக்கிலியர் என்றும் எழுதியது. எழுதாத இடத்திலும், மணமகனும் மணமகளும் சாட்சிகளும் ஒரே சேரியிலிருந்து ஒரே சேரிக்குள்தான் வருகிறார்கள் என்பதை ஐம்பது வருஷப் பக்கங்களைப் புரட்டினால் காணலாம். மதம் மாறினால் சாதி போய்விடும் என்ற வாதத்துக்கு அந்த ஏட்டைவிடப் பெரிய மறுப்பு வேறு எது? அரசு அந்த ஏட்டின் ஒரு பாதியை மட்டும் படிக்கிறது. முழுப் பக்கத்தையும் படி என்று சொல்வதுதான் நம் வேலை. தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் போட்டது. அந்தக் கோரிக்கைக்கு வேண்டிய வரலாற்றுச் சான்று பங்குக் கோயில்களின் பீரோக்களில் கரையான் அரித்துக் கிடக்கிறது.

தேடப் போகிறவர்களுக்கு

முதலில் உயிரோடு இருக்கும் மூத்த பெண்களிடம் உட்காருங்கள். ஆண்கள் தங்கள் வழியை மட்டும் சொல்வார்கள். எந்த ஊரில் பெண் எடுத்தோம், எந்த ஊருக்குக் கொடுத்தோம் என்பது பெண்களிடம்தான் இருக்கும். ஆளின் பெயரைவிட ஊர்ப் பெயர் உதவும். ஒரே ஊரில் பத்து மாரியாயியும் பத்து கருப்பனும் இருப்பார்கள்.

ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதியவன் காதால் கேட்டு எழுதியவன். குளத்தூரைக் கொளத்தூர் என்றும் கோலத்தூர் என்றும் படிக்கும்படி எழுதியிருப்பான். எல்லா வடிவத்திலும் தேடுங்கள்.

சாதிப் பெயர் காலத்துக்குக் காலம் மாறியதையும் நினைவில் வையுங்கள். சென்னை மாகாணத்தில் 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசு ஆவணங்களில் வந்தது. 1936இல் பட்டியல் சாதிகள் ஆணை. பிறகு அரிசன். இப்போது அருந்ததியர், தேவேந்திரகுல வேளாளர். நான்கு தலைமுறையில் நான்கு பெயர் இருந்தால் நான்கு சாதி என்று பொருள் இல்லை. அலுவலகத்தில் இதை விளக்க வேண்டி வரும், தயாராகப் போங்கள்.

கோயில் ஏட்டைப் பார்க்கப் போகும்போது காரணத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். பக்கம் முழுவதையும் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். உங்கள் குடும்பத்து வரியை மட்டும் எடுத்தால் பக்கத்து வரிகளில் இருக்கும் சாட்சிகளும் உறவுகளும் போய்விடும். கிடைத்த நகலை எந்த அலுவலகத்திலும் கொடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். குடும்ப வரலாற்றுக்கு நல்ல ஆவணம் சான்றிதழ் விண்ணப்பத்துக்கு ஆபத்தாக இருக்கலாம். அடுத்தவர் குடும்பத்தின் பதிவை முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ போடாதீர்கள். அது அவர்கள் பிள்ளைகளின் படிப்போடும் வேலையோடும் விளையாடுவது.

கடைசியாக, நம் வீட்டிலேயே இருக்கும் ஏடு. நம் மாவட்டம் மொய்க்குப் பெயர் போனது. யார் எவ்வளவு செய்தார் என்று எழுதிய மொய் நோட்டைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்காகவே பத்திரமாக வைப்போம். அதில் கல்யாண நாள் இருக்கிறது, வந்தவர் பெயர், அவர் ஊர், உறவுமுறை இருக்கிறது. சேரியில் முதலில் எழுதப் படித்தவர் உட்கார்ந்து எழுதிய கல்யாணப் பதிவு அதுதான். பாதிரியாருக்கோ ஏஜெண்டுக்கோ ஆண்டைக்கோ தேவைப்பட்டு எழுதியது அல்ல. நம் ஆட்கள் நம் தேவைக்கு நம் கையால் எழுதியது. பரணில் இருக்கும் பழைய மொய் நோட்டையும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையையும் இந்த வாரமே எடுத்துத் தூசி தட்டி, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் பெண்ணின் பெயரும், அவள் தாயின் பெயரும், அவள் பிறந்த ஊரும் எழுதப்படாமல் இருந்தால், சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதிச் சேருங்கள்.